பிள்ளையின் பிழையைத் திரையில் காட்டினால்

சென்ற மாதம் இந்தப் பத்திக்கு வந்த கடிதங்களுள் ஒன்று கேட்டியிலிருந்து ஒரு தகப்பன் எழுதியது. ரெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்ரன் நகருக்கு மேற்கே உள்ள அந்த ஊருக்குக் குடும்பத்தோடு வந்து இன்னும் ஒரு வருடம் நிறையவில்லையாம். மகன் ஒன்பதாம் வகுப்பு. வயதுக்கு மிஞ்சிய உயரம். அதைப் பார்த்துப் பாடசாலையின் கூடைப்பந்தாட்ட அணியில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஒரு வெள்ளிக்கிழமை ஆட்டம் நடந்தது, தோற்றுவிட்டார்கள். திங்கட்கிழமை கோச் எல்லாப் பிள்ளைகளையும் ஒரு வகுப்பறையில் இருத்தி, விளக்கை அணைத்து, அந்த ஆட்டத்தின் வீடியோவைப் போட்டிருக்கிறார். மூன்று இடத்தில் படத்தை நிறுத்தி, மகனின் பெயரைச் சொல்லி, "இந்த இடத்தில் நீ என்ன செய்கிறாய்?" என்று கேட்டாராம். பிள்ளைக்குப் பதில் தெரியும், ஆனால் ஆங்கிலம் வாயில் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்திருக்கிறார்கள். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை. இனிப் போகமாட்டேன் என்கிறான்.

"அகதிப் பிள்ளை, கேட்க ஆளில்லை என்றபடியால்தானே இப்படி எல்லோருக்கும் முன்னால் வைத்துக் குறை காட்டுகிறார்கள்? பிள்ளையை நிற்பாட்டிவிடட்டுமா?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

அவசரப்பட்டு நிற்பாட்ட வேண்டாம் என்பதுதான் என் பதில். அந்தத் தகப்பனின் கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. நாங்கள் படித்த பாடசாலைகளில் பிழையை எல்லோருக்கும் முன்னால் காட்டினால் அது தண்டனை. கணக்குக் கொப்பியை உயர்த்திப் பிடித்து முழு வகுப்புக்கும் காட்டிய வாத்தியாரை எங்களில் யார் மறந்திருக்கிறோம்? அந்த நினைவோடு இதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இங்கே விளையாட்டு அணிகளில் ஆட்டத்தைப் பதிவு செய்து, அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எல்லோரும் சேர்ந்து இருந்து பார்ப்பது பயிற்சியின் ஒரு பகுதி. பந்தை எறிந்து பழகுவது போல, மைதானத்தைச் சுற்றி ஓடுவது போல அதுவும் ஒன்று. சுருள் படம் ஓட்டிய காலத்துப் பழக்கத்தில் இன்றைக்கும் இதை "ஃபிலிம்" பார்ப்பது என்றே சொல்கிறார்கள், கையில் இருப்பது சிறிய கொம்பியூட்டராக இருந்தாலும். கேட்டியில் முதல் தெய்வம் அமெரிக்கக் காற்பந்து. அந்த விளையாட்டில் ஃபிலிம் பார்க்காத அணியே கிடையாது. கூடைப்பந்தாட்டக்காரரும் அதே வழியில்தான் போகிறார்கள்.

ஆகவே அந்தத் தகப்பன் மகனிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "மற்றப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லியும் கோச் படத்தை நிறுத்தினாரா?" நிறுத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன். தன் பெயர் வந்த மூன்று இடம் மட்டும்தான் பிள்ளையின் மனதில் நிற்கும். மற்றவர்களின் பெயர் வந்த ஒன்பது இடமும் நினைவில் இருக்காது. உண்மையிலேயே அவன் ஒருவனை மட்டும் நிறுத்தினார் என்றால் அது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பெரிய ஆட்டக்காரரும் தங்கள் பிழையைத் திரையில் பார்த்துத்தான் திருந்துகிறார்கள் என்பதற்குக் கேட்டிக்காரர் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. ஹக்கீம் ஒலாஜுவன் என்ற பெயரை ஹூஸ்ரனில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். 1963ஆம் ஆண்டு நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். பள்ளிக்காலத்தில் உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளர், ஹான்ட்போலும் ஆடியவர். கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே பதினைந்து வயதளவில்தான். 1980இல், பதினேழு வயதில், ஹூஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1984இல் ஹூஸ்ரன் றொக்கெற்ஸ் அணி அவரை எடுத்தது. 1993இல் அமெரிக்கப் பிரசையானார். 1994இலும் 1995இலும் அந்த அணி என்.பி.ஏ. சம்பியன் ஆனது அவரை நடுவில் வைத்துத்தான். ஏழடி மனிதன் உதைபந்தாட்டக்காரனின் கால்களோடு ஆடினால் எப்படி இருக்கும் என்பதை அந்த வருடங்களில் உலகம் பார்த்தது. ஆட்டத்தை விட்ட பிறகு, வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்று ஆடும் கலையைப் பெரிய பெரிய ஆட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தார். கேட்டிப் பக்கத்தில் இருந்த அவருடைய பண்ணைக்கு அதற்காகவே வந்து போன ஆட்டக்காரர் உண்டு.

2011ஆம் ஆண்டு அவரிடம் வந்தவர் லீப்ரோன் ஜேம்ஸ். அந்த வருடம் ஜூன் மாதம் நடந்த இறுதிச் சுற்றில் அவருடைய மியாமி ஹீற் அணி டலஸ் அணியிடம் 4 க்கு 2 என்று தோற்றது. நான்காவது ஆட்டத்தில் அவர் எடுத்தது 8 புள்ளிகள் மட்டுமே. தன்னைவிடச் சிறிய ஆட்கள் மறித்து நின்றபோதுகூட வளையத்தடிக்குப் போய் அவர்களை வெல்ல வழி தெரியாமல் நின்றார். ஊரெல்லாம் ஏளனம். அப்போதே அவர் உலகத்தின் முதல் வரிசை ஆட்டக்காரர். இருந்தும் ஹூஸ்ரனுக்கு வந்து ஒலாஜுவனிடம் மாணவனாக நின்றார். நடந்த பயிற்சிகளை எல்லாம் வீடியோவில் பதிவு செய்து கையோடு கொண்டுபோனார். அந்தக் கோடையில் அணி உரிமையாளருக்கும் ஆட்டக்காரருக்கும் பிணக்கு. பருவம் தொடங்கவே டிசம்பர் 25 ஆகிவிட்டது. இடையில் கிடைத்த மாதங்களில் அந்தப் பதிவைப் பார்த்துப் பார்த்துப் பழகினார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார் என்று அவருடைய பயிற்றுநர் எரிக் ஸ்போல்ஸ்ரா பின்னர் வியந்து சொன்னார். 2012இலும் 2013இலும் மியாமி சம்பியன். இரண்டு முறையும் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் ஜேம்ஸ்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பதிவு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. முதலில் ஒலாஜுவன் நேரில் நின்று காலை இப்படி வை, தோளை இப்படித் திருப்பு என்று காட்டினார். கேட்ட பாடம் மறந்து போகாமல் இருக்கத்தான் பதிவு.

இவருக்கு இரண்டு வருடம் முன்னர், 2009இல், கோபி பிரயன்ற் ஒலாஜுவனிடம் வந்திருந்தார். அவருடைய கதை எங்கள் வீடுகளுக்கு இன்னும் கிட்டவானது. தகப்பன் இத்தாலியில் கூடைப்பந்து ஆடப்போனதால் 1984 முதல் 1991 வரை கோபி வளர்ந்தது அங்கேதான். பாஷை தெரியாத நாடு, ஆறு வயதுப் பிள்ளை. அமெரிக்காவிலிருந்து பேரன் அனுப்பிய ஆட்டக் கசெற்றுகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, அதிலிருந்து அசைவுகளைப் பிடித்துக்கொண்டார். ஊரிலிருந்து வந்த கல்யாண வீட்டுக் கசெற்றை நாடா தேயும்வரை போட்டுப் பார்த்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கசெற்றிலேயே இவ்வளவு படித்த மனிதன், முப்பத்தொரு வயதில், ஆசானைத் தேடி ஹூஸ்ரனுக்கும் வந்தார்.

சரி, வீடியோவில் அப்படி என்னதான் தெரிகிறது? ஆட்டத்தை நேரில் பார்த்தவருக்குத் தெரியாததா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயர்தரப் பாடசாலை ஆட்டம் எட்டு நிமிடமாக நான்கு பகுதி, மொத்தம் 32 நிமிடம். களத்தில் நிற்பவர்கள் பத்துப் பேர், பந்து ஒன்று. எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டாலும் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது மூன்று நிமிடம் சொச்சம். மிச்சம் இருபத்தெட்டு நிமிடமும் அந்தப் பிள்ளை பந்தில்லாமல்தான் ஓடுகிறது, நிற்கிறது, மறிக்கிறது. அரங்கில் இருக்கும் எங்கள் கண்ணோ பந்துக்குப் பின்னாலேயே போகிறது. கோச்சின் கண்ணும் முக்கால்வாசி நேரம் அப்படித்தான். வீடியோதான் அந்த இருபத்தெட்டு நிமிடத்தைக் காட்டுகிறது.

அடிக்கடி நடப்பது ஒன்றைச் சொல்கிறேன். எதிரணி வேகமாக ஓடிவந்து வளையத்தின் கீழ் இலகுவாகப் பந்தைப் போடுகிறது. வளையத்தடியில் எங்கள் பையன் ஒருவன் தனியே நின்று கையை விரிக்கிறான். அரங்கு முழுக்க அவனைத்தான் பார்க்கிறது. "மறிக்கத் தெரியாதவன்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லியும் விடுவார். வீடியோவைப் பத்து விநாடி பின்னுக்கு ஓட்டினால் வேறு கதை. மறுபக்கத்தில் எங்கள் அணிப் பிள்ளை ஒன்று மூலையிலிருந்து அவசரப்பட்டு எறிகிறது. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. பின்னுக்கு ஓடி வரவேண்டிய இரண்டு பேர் பந்து எங்கே விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கடமையை நினைத்துத் திரும்பி ஓடியவன் ஒருவன் மட்டுமே. இரண்டு பேருக்கு எதிராகத் தனித்து நின்றவன் அவன்தான். பழி விழுந்ததும் அவன் மேல்தான். இப்படி ஒரு பிள்ளையின் பெயரை மீட்டுக்கொடுக்க வீடியோவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

உயரமான பிள்ளைகளுக்கு ஒரு பொதுவான குறை உண்டு. கடிதம் எழுதியவரின் மகனை நிறுத்திய மூன்று இடங்களில் ஒன்றாவது இதுவாக இருக்கலாம். எதிராளி தூரத்திலிருந்து எறியும்போது பந்து வளையத்துக்குப் போய்ச் சேர ஒரு விநாடி சொச்சம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் தனக்குரிய எதிராளியைத் தேடிப்போய், அவன் வளையத்தடிக்கு வராதபடி முதுகால் மறித்து நிற்க வேண்டும். அதன் பிறகுதான் பந்துக்குப் பாய வேண்டும். இதைத்தான் "பொக்ஸ் அவுட்" என்று கத்துகிறார்கள். உயரமான பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே எட்டிப் பிடித்துப் பழக்கம். ஆகவே பந்தைப் பார்த்துக்கொண்டே நிற்கும். தன்னைவிட நாலு அங்குலம் கட்டையான ஒருவன் முன்னால் புகுந்து பந்தைக் கொண்டுபோய்விடுவான். எறிந்தவனின் கையை விட்டுப் பந்து கிளம்பும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள், எல்லாம் தெரியும். பிள்ளையின் கண் எங்கே, எதிராளி எங்கே, இருவருக்கும் நடுவே எத்தனை அடி. ஆயிரம் தரம் கத்தியும் புரியாதது அந்த ஒரு நிறுத்தத்தில் புரியும்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஜிம்முக்குள் எதிரொலி. சப்பாத்துச் சத்தம், விசில் சத்தம். அதற்குள் கோச் ரெக்சாஸ் ஆங்கிலத்தில் "ஹெல்ப்", "ஸ்விச்", "குளோஸ் அவுட்" என்று கத்துகிறார். வந்து ஒரு வருடமாகாத பிள்ளைக்கு அது என்ன பாஷை என்றே தெரியாது. ஹெல்ப் என்றால் தோழனின் ஆள் அவனைத் தாண்டி வந்துவிட்டான், உன் ஆளை விட்டுவிட்டு ஓடிப்போய் மறி என்று பொருள். ஸ்விச் என்றால் இருவரும் ஆளை மாற்றிக்கொள்வது. குளோஸ் அவுட் என்றால் எறிய நிற்பவனை நோக்கி ஓடி, கிட்டப் போனதும் காலைச் சிறிதாக வைத்து, கையை உயர்த்தி நிற்பது. இந்தச் சொற்களை அகராதியில் தேடினால் வேறு அர்த்தம் வரும். நிறுத்தி வைத்த படத்தைக் காட்டிச் சொன்னால் சொல்லும் செயலும் ஒன்றாக மனதில் ஏறும். அந்த இருட்டு வகுப்பறை எங்கள் பிள்ளைக்கு ஆங்கில வகுப்பும்தான். பேச வராத பிள்ளைகூட எழுந்துபோய்த் திரையில் விரலை வைத்து, நான் இங்கே நின்றிருக்க வேண்டும் என்று காட்டலாம்.

எல்லா கோச்சும் இதைச் சரியாகச் செய்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும் முழு ஆட்டத்தையும் போட்டுவிட்டு, தோல்விக் கோபத்தை அங்கே கொட்டுகிறவர்களும் உண்டு. அதனால் ஒன்றும் விளையாது. பிள்ளைகள் கால் மணித்தியாலத்துக்கு மேல் கவனிக்கமாட்டார்கள். தெரிந்தவர் பத்துப் பன்னிரண்டு துண்டுகளை முதலே வெட்டி எடுத்து வைத்திருப்பார். ஒரு நாளைக்கு ஒரு குறை, மிஞ்சினால் இரண்டு. பிழை நடந்து முடிந்த இடத்தில் நிறுத்தாமல், நடப்பதற்கு இரண்டு விநாடி முன்னால் நிறுத்துவார். "இப்போது உனக்கு என்ன தெரிகிறது? எங்கே போகலாம்?" என்று கேட்பார். ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லக்கூடியது மன்னிப்பு ஒன்றுதான். எங்கே போகலாம் என்ற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லலாம். பிறகு அதே பிள்ளை அதே வேலையைச் சரியாகச் செய்த இடத்தையும் தேடிப் போட்டுக் காட்டுவார். தேடினால் ஒன்றாவது இருக்கும். கடும் பிழையைத் தனியே கூப்பிட்டுக் காட்டுவார். கடைசியாக, பார்த்ததை அன்றைக்கே களத்தில் இறக்கிச் செய்விப்பார். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் அது சினிமா பார்த்த மாதிரி.

இனி வீட்டுக்கு வருவோம். இப்போது பல பாடசாலைகள் ஆட்டத்தைப் பதிவு செய்து, வெட்டிய துண்டுகளைப் பிள்ளைகளின் கைத்தொலைபேசிக்கே அனுப்பிவிடுகின்றன. இதற்கென்று பரவலாகப் பயன்படும் ஹடில் என்ற சேவை 2006இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் தொடங்கியது. ஆகவே இரவு பத்து மணிக்குப் பிள்ளை தொலைபேசியை முறைத்துக்கொண்டிருந்தால் எல்லா நேரமும் அது வீண் விளையாட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். கோச் தந்த வீட்டுப்பாடமாகவும் இருக்கலாம். (எல்லா நேரமும் வீட்டுப்பாடம் என்றும் நம்பிவிட வேண்டாம். ரெக்சாஸில் 1984ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பாடத்தில் 70 புள்ளிக்குக் கீழே போனால் போட்டியில் ஆட முடியாது. அதையும் பிள்ளைக்கு நினைவுபடுத்துங்கள்.)

அந்தத் துண்டைத் தகப்பனும் மகனும் சேர்ந்து பார்க்கலாம். ஆனால் தகப்பன் வாயைக் கட்டிக்கொள்ள வேண்டும். பிள்ளை தானே சொல்ல விடவேண்டும்.

"இதிலை நான் பந்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறன், அப்பா."

"உன்ரை ஆள் எங்கை, தம்பி?"

"பின்னாலை நிண்டவன். இப்ப முன்னுக்குப் போட்டான்."

இவ்வளவு போதும். இதற்கு மேல் ஒரு சொல் கூடினால் பிள்ளை எழும்பிப் போய்விடும். விருந்துக்கு வந்த மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்தத் துண்டைப் போட்டுக் காட்டி, "பாருங்கோ இவன் கோட்டை விட்ட இடத்தை" என்று சிரிக்கும் வீடுகள் இருக்கின்றன. வகுப்பறையில் யாரோ சிரித்ததற்குக் கோபப்பட்ட நாங்கள் வீட்டில் அதைச் செய்யலாமா?

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. விளையாட்டு அப்பாவின் இலாகா என்று ஒதுங்கி நிற்கிறீர்கள். ஊர்ப் பாடசாலையில் வலைப்பந்தாட்டம் ஆடியவர்கள் உங்களில் எத்தனை பேர்! கூடைப்பந்தாட்டம் 1891 டிசம்பரில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்தது. அதிலிருந்து இங்கிலாந்தில் பிரிந்து வளர்ந்ததுதான் வலைப்பந்தாட்டம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது, மூன்று விநாடிக்குள் கொடுத்துவிட வேண்டும், ஏழு பேரில் இரண்டு பேர்தான் எறியலாம். ஆகவே அது முழுக்க முழுக்கப் பந்தில்லாதவர்கள் ஓடி இடம் பிடிக்கும் ஆட்டம். அதை ஆடியவருக்கு ஆள் எங்கே ஓடுகிறது, வெளி எங்கே திறக்கிறது என்று பார்க்கும் கண் தானாக இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இலங்கை அணி 2018இலும் 2022இலும் ஆசியச் சம்பியன் ஆனபோது அதில் ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தின் ஆட்டப் பதிவு ஒன்றை எடுத்துப் பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். ஏறக்குறைய ஆறடி பத்தங்குலம் உயரம் அவருக்கு. அந்த உயரத்துக்குப் பந்து போய்ச் சேர மற்ற ஆறு பேரும் என்ன பாடு படுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். மகனுக்குக் கூடைப்பந்தாட்டத்தில் தகப்பன் சொல்லத் தெரியாததைத் தாய் சொல்லக்கூடும்.

கோச்சிடம் வீடியோ வசதி இல்லாத சிறிய அணிகளும் உண்டு, முக்கியமாகக் கீழ் வகுப்புகளில். அங்கே பெற்றோர் எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார்கள். ஆனால் சாமத்திய வீட்டுக்கு எடுக்கிற மாதிரி எடுக்கக்கூடாது. அங்கே முகம் வேண்டும், சேலைக் கரை வேண்டும், வந்தவர்கள் எல்லோரும் சாப்பிடுகிறபோதும் வேண்டும். இங்கே முகம் தேவையில்லை. அரங்கின் மேல் வரிசையில், நடுக்கோட்டுக்கு நேரே இருந்து, பத்துப் பேரும் எப்போதும் படத்துக்குள் நிற்கும்படி அகலமாக எடுக்க வேண்டும். முதுகில் உள்ள இலக்கம் தெரிந்தால் போதும். சொந்தப் பிள்ளையைக் கிட்ட இழுத்து எடுத்த படத்தில் அந்தப் பிள்ளை ஓடுவது தெரியும், ஏன் ஓடுகிறது என்பது தெரியாது. முக்காலி ஒன்று இருந்தால் கை நடுங்காது. எடுப்பவர் பேசவும் கூடாது. நடுவரைப் பற்றித் தமிழில் சொன்னதெல்லாம் பதிவாகி, பிறகு பிள்ளைகள் சேர்ந்து பார்க்கும்போது உங்கள் மகன்தான் மொழிபெயர்க்க வேண்டிவரும்.

எடுப்பதற்கு முன் கோச்சிடம் கேளுங்கள். மற்றவர்களின் பிள்ளைகளும் படத்தில் இருக்கிறார்கள். எடுத்ததை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடாதீர்கள். எங்கள் குடும்பங்களில் இதற்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காரணம் உண்டு. வழக்கு முடியாத குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளையின் முகமும் பெயரும் பாடசாலையும் வெளியே தெரிவதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். ஊரில் உள்ள உறவினரை நினைத்து அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். பாடசாலை வருடத் தொடக்கத்தில் தரும் படிவக்கட்டில் படம் வெளியிடுவது பற்றிய பகுதி ஒன்று இருக்கும். வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம். அணிக்குள் பார்க்கச் சம்மதம், வெளியே போடச் சம்மதமில்லை என்று கோச்சிடம் சொல்லி வைத்தால் அதை வித்தியாசமாக எடுக்கமாட்டார்கள்.

இன்னொன்று. எல்லாப் பிள்ளையும் அணியில் இடம் பிடிக்காது. உயரம் காணாத, ஓட்டம் காணாத, ஆனால் ஆட்டத்தின் மேல் உயிரை வைத்திருக்கும் பிள்ளையும் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை கோச்சிடம் போய், கமராவை நான் பிடிக்கிறேன், வெட்டித் தருகிறேன் என்று கேட்கலாம். பல அணிகளில் மாணவ உதவியாளர் செய்யும் வேலை அது. அணியோடு பஸ்ஸில் போகலாம், நண்பர்கள் கிடைப்பார்கள். மேலே சொன்ன எரிக் ஸ்போல்ஸ்ரா 1995இல் மியாமி அணிக்கு வந்தது வீடியோ அறையில் வேலை செய்யத்தான். அவருடைய தாய் பிலிப்பைன்ஸ் நாட்டவர். நாடாக்களை ஓட்டி, வெட்டி, ஒட்டிக்கொண்டிருந்தவர் படிப்படியாக ஏறி 2008இல் தலைமைப் பயிற்றுநர் ஆனார். லீப்ரோன் ஜேம்ஸ் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியோடு 2020இல் சம்பியன் ஆனபோது பயிற்றுநராக இருந்த பிராங்க் வோகலும் பொஸ்ரன் அணியின் வீடியோ அறையிலிருந்து வந்தவர்தான். ஜேம்ஸின் நான்கு கிண்ணங்களில் மூன்று, வீடியோ அறையில் தொழில் பழகிய பயிற்றுநரின் கீழ் வந்தவை. டொக்டர், எஞ்சினியர் என்று இரண்டு கதவு மட்டும் தெரிந்த எங்களுக்கு இப்படியும் ஒரு கதவு இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

கடைசியாக, கோச்சோடு எப்படிக் கதைப்பது. ஆட்டம் முடிந்த இரவில் வாசலில் மறித்துக் கேட்கக்கூடாது. வென்றாலும் தோற்றாலும் அந்த நேரத்தில் கோச்சுக்கு எதுவும் காதில் ஏறாது. அடுத்த நாள் ஒரு சிறு மின்னஞ்சல் போட்டு நேரம் கேளுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பாடசாலை அலுவலகத்திடம் கேட்கலாம், கேட்பதில் குறைவில்லை. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள், தன்னைப் பற்றிய முறைப்பாட்டைத் தானே மொழிபெயர்க்கும் பிள்ளை பாதியை விழுங்கிவிடும். ஏன் என் மகனை அவமானப்படுத்தினீர்கள் என்று தொடங்கினால் கதை அங்கேயே முடிந்துவிடும். அவனுக்கு நீங்கள் காட்ட விரும்பிய குறை என்ன, வீட்டில் நாங்கள் எதைப் பழக்கலாம் என்று தொடங்குங்கள். பிறகு உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் சிரித்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அது அவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். உண்மையிலேயே வாரா வாரம் உங்கள் பிள்ளை ஒன்றை மட்டும் நிறுத்துகிறார், சிரிப்பைத் தடுக்கவும் இல்லை என்றால், திகதியோடு எழுதி வைத்துக்கொண்டு அடுத்ததாகப் பாடசாலையின் விளையாட்டுப் பொறுப்பாளரிடமும், அங்கேயும் சரிவராவிட்டால் அதிபரிடமும் போகலாம். அது உங்கள் உரிமை.

கேட்டித் தகப்பனுக்கு அந்த மின்னஞ்சலை எழுத உதவியாக ஒரு வரி தருகிறேன். மிச்சத்தை அவர் தன் சொல்லில் எழுதட்டும். "என் மகனுக்குப் பதில் தெரிகிறது, ஆங்கிலம்தான் இன்னும் வரவில்லை. அடுத்த முறை அவன் பெயரைச் சொல்லும்போது, எழுந்து வந்து திரையில் கையால் காட்ட விடுங்கள்."